நாடு முழுக்கக் கரண்ட் போனால் காஸ் டேர்பைன் எப்படி மறுபடி ஓடும்?

வாழைச்சேனையில் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய டீசல் ஜெனரேட்டர் பத்துச் செக்கனில் ஓடத் தொடங்கிவிடுகிறதாம். காஸ் டேர்பைன் விமான எஞ்சின் மாதிரி, சில நிமிடங்களில் முழு வேகம் எடுக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருண்டபோது ஏன் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது? பக்கத்தில்தானே இங்கினியாகலை நீர்மின் நிலையம் இருக்கிறது, அதை ஓட்டி மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் தந்தால் என்ன?

இதற்குள் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரமும் வராத நேரத்தில் ஒரு மெஷின் தானாக எழும்புவது எப்படி என்பது ஒன்று. எழும்பிய மெஷினிலிருந்து எங்கள் வீட்டு பல்ப் வரைக்கும் கரண்ட் வர ஏன் இத்தனை நேரம் என்பது மற்றது. முதலாவது நிமிடக் கணக்கு, இரண்டாவதுதான் மணிக் கணக்கு. என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி வளைகுடா நாடுகளில் காஸ் டேர்பைன் நிலையங்களை ஓட்டுவதில் போனது. மின்சார சபையின் தேசியக் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து நாட்டை மீட்டெடுத்த அனுபவம் எனக்கு இல்லை. ஆகவே மெஷினைப் பற்றி எழுதுவதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கு எப்போது கரண்ட் கொடுப்பார்கள் என்ற பகுதியைப் பொது நடைமுறையை வைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரிட், அதாவது நாட்டு மின் வலையமைப்பு, விழுந்த கணத்தில் காஸ் டேர்பைன் நிலையத்துக்குள் இருக்கும் ஆட்களுக்கு முதல் கவலை, திரும்ப ஓட்டுவது அல்ல. நிற்கப்போகும் மெஷினைக் காப்பாற்றுவதுதான். எரிபொருள் வெட்டுப்பட்ட பிறகும் பல தொன் எடையுள்ள ரோட்டர் கால் மணி, அரை மணி நேரம் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டு இறங்கும். அது வரைக்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் போக வேண்டும். வழக்கமான எண்ணெய்ப் பம்பு ஏசி கரண்டில் ஓடுவது, அது செத்துவிட்டது. அப்போது பற்றரி அறையில் வரிசையாக நிற்கும் 125 வோல்ட் பற்றரிகளை நம்பி டிசி பம்பு ஒன்று தானாகத் தொடங்கும். கட்டுப்பாட்டறையில் எல்லாருடைய கண்ணும் இரண்டே இரண்டு இலக்கத்தில் இருக்கும்: எண்ணெய் அழுத்தம், பற்றரி வோல்டேஜ். இந்தப் பம்பு மட்டும் ஓடவில்லையென்றால் சில நிமிடங்களில் பேரிங்கின் வெள்ளை உலோகம் உருகிவிடும். அதற்குப் பிறகு மறுதொடக்கம் பற்றிப் பேச அடுத்த மாதம்தான் வர வேண்டும்.

ரோட்டர் நின்ற பிறகு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. உள்ளே சூடு மேலே ஏறி நிற்கும், கீழ்ப்பக்கம் வேகமாக ஆறும். அசையாமல் விட்டால் அந்த நீண்ட தண்டு மில்லிமீற்றரின் சிறு பங்கு அளவுக்கு வளைந்துவிடும். வளைந்த ரோட்டரை ஓட்டினால் அதிர்வு எல்லை மீறி ட்ரிப் ஆகும். அதனால் ஆறும் வரைக்கும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஃப்ரேம் 5 ரக மெஷின்களில் இதற்கு டிசி மோட்டரால் ஓடும் ஹைட்ரோலிக் ரட்செட் ஒன்று இருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ரோட்டரை ஏறத்தாழ எட்டில் ஒரு சுற்று தள்ளிவிடும். கரண்ட் போன நிலையத்தில் நடக்கும்போது அந்த 'டக்' என்ற சத்தம் கேட்டால் மனதுக்கு ஒரு ஆறுதல். கேட்காவிட்டால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். விமான எஞ்சினிலிருந்து வந்த இலேசான ரக டேர்பைன்களுக்கு வேறு சட்டம். சுமையோடு திடீரென்று நின்றால் பத்து நிமிடத்துக்குள் மறுபடி சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாலு மணி நேரம் தொடக்கூடாது. விமான எஞ்சின் மாதிரி என்பதால் எப்போதும் உடனே தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

சரி, இனித் தொடக்கம். காஸ் டேர்பைன் சும்மா தானாக எழும்பாது. எரிந்து வரும் வாயுவிலிருந்து டேர்பைன் எடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முன்னாலிருந்து காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கொம்பிரசரைச் சுற்றவே போய்விடுகிறது. வேகம் குறைவாக இருக்கும்போது அந்தக் கணக்குக் கட்டாது. ஆகவே முழு வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் வரைக்கும் வேறொன்று அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஃப்ரேம் 5 போன்ற சிறியவற்றில் பக்கத்திலேயே ஒரு டீசல் எஞ்சின் பூட்டப்பட்டிருக்கும். பற்றரியில் அந்த டீசல் தொடங்கும், அது டேர்பைனைச் சுற்றும். இருட்டில் எழும்ப இதைவிட வசதியான அமைப்பு இல்லை. களனிதிஸ்ஸ மின் நிலையத்தில் 1980களின் தொடக்கத்தில் போட்ட சுமார் 20 மெகாவாட் மெஷின்கள் அந்தக் காலத்துச் சிறிய ரகங்கள்தான். நூறு மெகாவாட்டைத் தாண்டிய பெரியவற்றுக்கு ஒரு மெகாவாட் அளவுள்ள மோட்டர் வேண்டும், இன்னும் பெரியவற்றில் ஜெனரேட்டரையே மோட்டராக மாற்றிச் சுற்றுவார்கள். இவற்றுக்கு நிலையத்துக்குள்ளேயே தனியான, பெரிய டீசல் ஜெனரேட்டர் இருந்தால்தான் உண்டு. அது இல்லாத நிலையம் எத்தனை நவீனமாக இருந்தாலும் வெளியே இருந்து கரண்ட் வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டீசல் ஓடினால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. எரிபொருளைத் தாங்கியிலிருந்து தள்ளும் பம்பு, குளிராக்கும் ஃபேன்கள், வால்வுகளுக்கான காற்று, எல்லாம் உயிர்பெற வேண்டும். இந்த இடத்தில்தான் பல திட்டங்கள் கவிழும். நான் இருந்த ஒரு நிலையத்தில் அவசர டீசலை ஒவ்வொரு வாரமும் சுமையில்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, "நன்று" என்று புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். வருடாந்தப் பரிசோதனையில் வெளிக் கரண்டை உண்மையாகவே வெட்டிவிட்டு ஓட்டியபோது, சுமை ஏறியதும் டீசல் சூடாகி நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால், டீசல் அறைக்குக் காற்று விடும் தகடுகளைத் திறக்கும் சிறு மோட்டர் பிரதான போர்டிலிருந்து கரண்ட் எடுத்தது. பிரதான போர்டு செத்தால் தகடு திறக்காது. வாராந்தப் பரிசோதனையின்போது அந்தப் போர்டு எப்போதும் உயிரோடு இருந்ததால் ஒருவருக்கும் இது தெரியவில்லை. உண்மையாக வெட்டிப் பார்க்காத நிலையத்துக்கு இருட்டில் எழும்பும் வல்லமை இருக்கிறது என்று காகிதத்தில் எழுதியிருந்தால் நான் நம்ப மாட்டேன்.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தால் மிச்சம் வேகமாக நடக்கும். முதலில் எரியாமலே சில நிமிடங்கள் சுற்றி, உள்ளேயும் புகைபோக்கியிலும் தங்கிய எரிபொருள் ஆவியை வெளியேற்றுவார்கள். அப்புறம் பொறி, தீ, ஒரு நிமிடச் சூடாக்கல், வேக ஏற்றம். 60 சதவீதத்தில் தள்ளுகிறவன் கழன்றுகொள்வான். முழு வேகம் வந்ததும் வோல்டேஜ் எழுப்பலாம். வழக்கமான நாளில் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்சை மூட, அதாவது இணைக்க, முன் கிரிட்டோடு கட்டம் பொருந்துகிறதா என்று ஒரு கருவி பார்க்கும். இன்று பொருத்திப் பார்க்க அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. கருவி "முடியாது" என்று சொல்லும். செத்த பஸ்ஸில், அதாவது கரண்ட் இல்லாத பொது இணைப்புக் கம்பியில், மூடுவதற்கான தனி அனுமதிப் பூட்டைத் திறந்துதான் மூட வேண்டும். அந்தப் பஸ் உண்மையிலேயே செத்ததுதானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்காமல் இதைச் செய்யக் கூடாது. எல்லாம் சேர்த்து அரை மணி, முக்கால் மணி. இதோடு உங்கள் முதல் கேள்வி முடிந்தது.

இனிமேல்தான் கஷ்டம். உங்கள் ஐஸ் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஜெனரேட்டரில் ஓடும்போது பெரிய அமோனியா கொம்பிரசரைப் போட்டால் எல்லா லைட்டும் ஒருதரம் மங்கி, எஞ்சின் முனகி, பிறகு நிமிருமே? இரண்டு கொம்பிரசரை ஒரே நேரத்தில் போட்டால் நிமிராமலே நின்றுவிடும். தனியாக ஓடும் காஸ் டேர்பைனுக்கும் அதே நிலைதான். நாட்டுக் கிரிட் முழுதாக இருக்கும்போது ஒரு மெஷினுக்கு வேகத்தைப் பற்றிக் கவலையில்லை. எல்லா மெஷினும் சேர்ந்து 50 ஹேர்ட்ஸில் பிடித்துக்கொள்ளும். தனியாக நிற்கும்போது வேகத்தைப் பிடிக்கும் பொறுப்பு முழுக்க அந்த ஒன்றின் கவர்னர் தலையில். சுமை திடீரென்று ஏறினால் வேகம் விழும், வேகம் விழுந்தால் மீடிறன், அதாவது அந்த 50 ஹேர்ட்ஸ், விழும், ஒரு அளவுக்குக் கீழே போனால் பாதுகாப்பு ரிலே நிறுத்திவிடும். காஸ் டேர்பைனுக்கு இதில் ஒரு பிறவிக்குறை உண்டு. வேகம் குறைந்தால் அதே தண்டில் இருக்கும் கொம்பிரசரும் மெதுவாகச் சுற்றும், உள்ளே வரும் காற்றுக் குறையும், காற்றுக் குறைந்தால் அதிகமாக எரிக்க முடியாது, வெப்ப எல்லையில் போய் முட்டும். சக்தி அதிகம் தேவைப்படும் அதே கணத்தில் அதன் சக்தி குறைகிறது. நீர்மின் மெஷினுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. பின்னால் மலையளவு தண்ணீர் நிற்கிறது, கதவைத் திறந்தால் சரி.

அதனால் சுமையைத் துண்டு துண்டாகத்தான் ஏற்ற வேண்டும். ஓடும் மெஷின்களின் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றாதே என்பது பல இடங்களில் வைத்திருக்கும் கைக்கணக்கு. 20 மெகாவாட் மெஷினுக்கு அது ஒரு மெகாவாட். ஆனால் ஒரு மெகாவாட் ஃபீடரை, அதாவது ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகும் பாதையை, தேடிப் பிடித்து மூடினாலும் அது ஒரு மெகாவாட் இழுக்கும் என்று எந்த எஞ்சினியராலும் அடித்துச் சொல்ல முடியாது. நாலைந்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊரில் எல்லா ஃபிரிட்ஜும் சூடாகி இருக்கும், எல்லா வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் காலியாக இருக்கும். வழமையில் அவை மாறி மாறி ஓடும். இப்போது எல்லாம் ஒன்றாகத் தொடங்கும். இரண்டு மடங்கு இழுப்பது சாதாரணம். அது இறங்கி வர அரை மணி ஆகலாம். அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைகளும் உங்கள் பக்கத்து ஐஸ் ஆலைகளும் உள்ள ஃபீடர் என்றால் நானும் அதைக் கடைசியில்தான் மூடுவேன்.

வெறும் கம்பியும் தொந்தரவு தரும். சுமையில்லாத நீண்ட மின்பாதை தானாகவே வோல்டேஜைத் தூக்கும். 220 கிலோவோல்ட் பாதை நூறு கிலோமீற்றர் என்றால் 13, 14 மெகாவார் (வோல்டேஜைத் தூக்கும் வகை மின்வலுவின் அளவு) உற்பத்தி செய்யும், 132 கிலோவோல்ட் என்றால் 5 அளவு. தனியாக நிற்கும் சிறு மெஷின் அதை விழுங்க வேண்டும், விழுங்க முடியாவிட்டால் வோல்டேஜ் கையை மீறி ஏறும். ட்ரான்ஸ்போமரைத் திடீரென்று உயிர்ப்பித்தால் அது சற்று நேரம் பெரிய கரண்டை இழுக்கும், அது பழுது என்று நினைத்து ரிலே வெட்டிவிடும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது. 2016 செப்டெம்பர் 28ஆம் திகதி தென் அவுஸ்திரேலியா மாநிலம் முழுவதும் புயலில் இருண்டது. இருட்டில் எழும்புவதற்கென்றே ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டிருந்த காஸ் டேர்பைன் நிலையங்கள் இரண்டு அங்கே இருந்தன. ஒன்றில் சிறிய டேர்பைன் ஓடத்தான் செய்தது, ஆனால் அதை வைத்துப் பெரிய மெஷினை எழுப்பப் போனபோது, பிரேக்கர்களை மூடிய வரிசையால் ட்ரான்ஸ்போமர் இழுப்பில் முயற்சி கவிழ்ந்தது. மற்றதில் அவசர டீசல் ஜெனரேட்டரே தொடங்கிச் சில செக்கன்களில் பழுதாகிவிட்டது. கடைசியில் அயல் மாநிலமான விக்டோரியாவிலிருந்து இணைப்புப் பாதை வழியாக வந்த கரண்ட்தான் கைகொடுத்தது. மாறாக, 2025 ஏப்ரல் 28ஆம் திகதி ஸ்பெயினோடு சேர்ந்து விழுந்த போர்த்துக்கல், ஒரு நீர்மின் நிலையத்தையும் ஒரு காஸ் நிலையத்தையும் வைத்து உள்ளிருந்தே எழும்பியது. எங்களுக்குக் கடன் கேட்க அயல் வீடு கிடையாது. இந்தியாவோடு மின் இணைப்பு இன்னும் பேச்சளவில்தான்.

இப்போது எங்கள் பக்கம். இலங்கையில் இருட்டிலிருந்து எழும்பும் வேலையில் முன்னுக்கு நிற்பது மலைநாட்டு நீர்மின் நிலையங்கள்தான். லக்சபான தொகுதியும் விக்டோரியா, கொத்மலை போன்ற மகாவலித் தொகுதியும். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் காஸ் டேர்பைன்கள் தலைநகரைப் பிடிக்கவும் வோல்டேஜைத் தாங்கவும் வேண்டியவை. ஓடுவது டீசல் போன்ற திரவ எரிபொருளில் என்பது இந்த நேரத்தில் ஒரு நல்லது, காஸ் குழாயின் அழுத்தத்தை நம்பி நிற்க வேண்டியதில்லை. அங்கங்கே சிறு தீவுகளாக ஓடத் தொடங்கிய பகுதிகளை மீடிறனும் கட்டமும் பொருத்தி ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஒரு இணைப்புத் தவறினால் இரண்டும் விழுந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

முதல் கரண்ட் வீடுகளுக்குப் போவதில்லை, மற்ற மின் நிலையங்களுக்குப் போகிறது. 900 மெகாவாட் நுரைச்சோலைக்கு அதன் பம்புகளையும் ஃபேன்களையும் ஓட்டவே பெருமளவு கரண்ட் வேண்டும், கொடுத்தாலும் நிலக்கரி மெஷின் முழுதாக வர நாட்கள் ஆகும். 2020 ஓகஸ்ட் 17க்குப் பிறகும் 2025 பெப்ரவரி 9க்குப் பிறகும் வந்த சுழற்சி மின்வெட்டுகளுக்குக் காரணம் இதுதான். கிழக்குக்கு வரும் பாதைகளோ நீளமானவை. மலைப் பக்கமிருந்து அம்பாறை வழியாக மட்டக்களப்புக்குப் பக்கத்து வவுணதீவுக்கு ஒன்று, ஹபரணைப் பக்கமிருந்து வாழைச்சேனைக்கு ஒன்று. நாங்கள் பாதையின் நுனியில் இருக்கிறோம். நடுவிலிருப்பவை நிலைத்து நின்ற பிறகுதான் நுனிக்கு வரலாம். இதில் யாரோ வேண்டுமென்று கிழக்கைப் பின்தள்ளுகிறார்கள் என்று எனக்குப் படவில்லை. மின்பாதை போட்ட விதம்தான் அப்படி.

பெப்ரவரி 9இல் இன்னொன்றும் சேர்ந்தது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதையைச் சொல்லி நாடே சிரித்தது. ஆனால் குரங்கு தொடங்கிவைத்தது மட்டுந்தான். அது ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன், பாவனை குறைவு, வெயில் உச்சம், கூரைச் சோலார் அள்ளிக் கொட்டிய நேரம். சோலார் கூடி, கனமாகச் சுற்றும் மெஷின்கள் குறைவாக இருந்தால் ஒரு சிறு அடிக்கும் மீடிறன் மளமளவென்று விழும். மீட்கும்போதும் சோலார் குழப்பும். கூரைச் சோலாரின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர், கிரிட்டில் கரண்ட் இல்லாதபோது நின்றுவிடும், கரண்ட் வந்து சில நிமிடங்கள் பார்த்துவிட்டுத் தானாகச் சேர்ந்துகொள்ளும். பார்த்துப் பார்த்து ஏற்றிய சுமை திடீரென்று காணாமல் போய், மெஷின் வேகம் ஏறும். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டது இந்தப் பயத்தில்தான்.

இங்கினியாகலைக்கு வருகிறேன். சேனநாயக்க சமுத்திரத்து அணைக்கட்டின் கீழே இருக்கும் அந்த நிலையத்தின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11 மெகாவாட், அதுவும் நாலு சிறு மெஷின்களில். கல்லோயாவின் வயல்களுக்குத் தண்ணீர் திறக்கும் அளவைப் பொறுத்துத்தான் அது ஓடுகிறது. இரண்டு மாவட்டத்தின் சுமையை அதன் தலையில் வைக்க முடியாது, இதில் சந்தேகமே இல்லை. அம்பாறை வைத்தியசாலை, தண்ணீர்ப் பம்பு நிலையம் போன்ற சிலவற்றை மட்டும் பிரித்து அதில் ஓட்டலாமா என்பது நியாயமான கேள்வி. கணக்குப்படி இயலும். அதற்கு அந்த ஃபீடர்களைத் தனியாகப் பிரிக்கும் பிரேக்கர்கள் வேண்டும், தனியாக வேகம் பிடிக்கும் கவர்னர் வேண்டும், வருடத்தில் ஒரு தடவையாவது வெட்டிப் பார்த்துப் பழகிய ஆட்கள் வேண்டும். மெஷினைவிட இந்த மூன்றுந்தான் செலவு.

மட்டக்களப்பில் ஒரு 20 மெகாவாட் காஸ் டேர்பைன் வைத்தால் என்ன என்று யாராவது கேட்கக்கூடும். வைக்கலாம். ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா நிற்கும், ஓடினால் டீசல் விலை கண்ணைக் கட்டும், வெயில் ஏற ஏற அதன் சக்தியும் குறையும். இன்றைய நிலையில் அந்தக் காசுக்கு, தானாக வோல்டேஜை உருவாக்கும் இன்வேட்டரோடு பெரிய பற்றரித் தொகுதி ஒன்றை வவுணதீவில் வைப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். பற்றரிக்குச் சூடாக்கலும் இல்லை, ரட்செட்டும் இல்லை, சுமை ஏறினால் கணத்தில் ஈடுகொடுக்கும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது வாங்கும் அளவைப் பொறுத்தது, அது காசு வைத்திருப்பவர்கள் தீர்மானிக்க வேண்டியது.

தம்பி, உங்கள் ஆலையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த தடவை இப்படி முழுதாகப் போய்க் கரண்ட் திரும்பி வந்தால், கால் மணி நேரமாவது சொந்த ஜெனரேட்டரிலேயே ஓட்டுங்கள். பிறகு கொம்பிரசர்களை ஒவ்வொன்றாக, ஐந்து பத்து நிமிட இடைவெளியில் மாற்றுங்கள். தானாகத் தொடங்கும் அமைப்பு இருந்தால் அதில் டைமரை வேறு வேறு நேரத்துக்கு வைக்க உங்கள் எலக்ட்ரீசியனிடம் சொல்லுங்கள், பெரிய செலவில்லை.